வெறுக்கும் கருத்திற்கும் இடமளித்தல்: அமெரிக்க நாட்டின் அனுபவம்

தமக்கு இனிய கருத்தைப் பிறர் கூறுங்கால் அதனைச் செவிமடுத்தல் எவர்க்கும் எளிது. அதற்குப் பொறுமை என்னும் பெயர் பொருந்தாது. தம் உள்ளத்திற்கு ஒவ்வாததும், நாட்டிற்குத் தீங்கென்று தாம் துணிந்ததுமாகிய ஒன்றை ஒருவன் நாற்சந்தியில் நின்று கூறும்போது, அவன் வாயை அடைக்கும் வலிமை தம்பால் இருந்தும் அடைக்காது விடுவதே பொறுமையாம். தனி மனிதர் சிலரிடத்து இக்குணம் காணப்படுதல் உண்டு. ஒரு தேசத்தார் அனைவரும் இதனைக் கைக்கொள்ளல் இயலுமோ, இயலுமெனின் அதற்குச் சட்டம் எத்துணை உதவும், மக்களின் மனநிலை எத்துணை உதவும் என்பன ஆராயத்தக்க வினாக்கள். இவற்றிற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரம் ஒருவாறு விடை தருகின்றது. அது நேராகச் சென்ற வழியன்று. முன்னேறியும் பின்வாங்கியும் பன்முறை இடறியும் வந்த வழி.

1787-ஆம் ஆண்டு பிலடெல்பியாவிற் கூடிய சபையார் வகுத்த அரசியலமைப்பிற் குடிமக்களின் பேச்சுரிமையைக் குறித்த விதி யாதும் இடம் பெறவில்லை. அக்குறையைப் பலர் எடுத்துக் காட்டவே, 1791-இல் பத்துத் திருத்தங்கள் சேர்க்கப்பெற்றன. அவற்றுள் முதலாவது, சமயம், பேச்சு, பத்திரிகை, அமைதியாகக் கூட்டம் கூடல், குறைகளை அரசாங்கத்திற்கு விண்ணப்பித்தல் என்பவற்றைப் பற்றியது. பேச்சுரிமையையோ பத்திரிகையுரிமையையோ குறைக்கும் சட்டம் எதனையும் காங்கிரஸ் என்னும் அந்நாட்டுச் சட்டசபை இயற்றலாகாது என்கின்றது அது. வாசிப்போர் ஒன்றனைக் கூர்ந்து நோக்குவாராக. இவ்விதி கட்டுவது அரசாங்கத்தின் கையை மட்டுமே. அயலான் கையையோ, கூலி கொடுக்கும் முதலாளியின் கையையோ, வீதியில் திரளும் கும்பலின் கையையோ இது தொடவில்லை. தொடக்கத்தில் மாகாண அரசாங்கங்களையும் இது கட்டுப்படுத்தவில்லை. 1925-ஆம் ஆண்டு முதலே உச்ச நீதிமன்றம் பேச்சுரிமையை மாகாணங்களுக்கு எதிராகவும் காக்கப்படுவதென்று கொள்ளத் தொடங்கிற்று. இவ்வேறுபாட்டை மறந்தோர், அமெரிக்காவில் எவரும் எதையும் அச்சமின்றிப் பேசலாம் என்று எண்ணி மயங்குவர்.

இத்திருத்தம் நிறைவேறி ஏழே ஆண்டுகள் கழிந்தன. 1798-இல் பிரான்ஸ் தேசத்தோடு போர் மூளுமென்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்த காலை, ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் கட்சியார் ராஜத்துரோகச் சட்டம் ஒன்றை இயற்றினர். அரசாங்கத்தையோ, காங்கிரஸையோ, ஜனாதிபதியையோ பொய்யாகவும் பகைமையாலும் இழித்தெழுதுவோர்க்கு 2,000 டாலர் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்க அது இடமளித்தது. உதவி ஜனாதிபதியின் பெயர் மட்டும் அச்சட்டத்திற் காணப்படவில்லை. அப்பதவியில் அக்காலத்து இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவராகிய ஜெபர்ஸன். அவரை எத்துணை வைதாலும் குற்றமில்லை என்பது ஆளுங்கட்சியார் திருவுள்ளம் போலும்! வெர்மாண்ட் மாகாணத்திலிருந்து காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த மாத்தியூ லயன் என்பார், ஜனாதிபதி ஆடம்பரத்தில் மோகமுடையவர் என்னும் கருத்துப்பட எழுதியதற்காக நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். அவர் சிறையில் இருக்கும்போதே அவருடைய தொகுதி மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்து விட்டனர். 1801-இல் அச்சட்டம் காலாவதியாயிற்று. ஜனாதிபதியாக வந்த ஜெபர்ஸன் தண்டனை பெற்றோரை மன்னித்தார். லயன் செலுத்திய அபராதம் 1840-இல் அவருடைய வாரிசுகளுக்கு வட்டியுடன் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தவறு திருத்தப்பட்டது உண்மையே. ஆயினும் லயன் இறந்து பதினெட்டு ஆண்டுகள் சென்ற பின்னர்.

அரசாங்கம் வாளாவிருப்பினும் மக்களே கொடுங்கோலராதல் உண்டு என்பதற்கு எலைஜா லவ்ஜாய் என்பாருடைய முடிவு சான்று. இவர் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். அடிமை முறையைக் கண்டித்துப் பத்திரிகை நடத்தியவர். இவருடைய அச்சு யந்திரத்தை மூன்று முறை கும்பல்கள் அழித்தன. நான்காவது யந்திரம் வந்திறங்கியது. 1837-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் நாள் இரவு, இல்லினாய்ஸ் மாகாணத்து ஆல்ட்டன் நகரில் அதனைக் காக்க முயன்ற அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் எழுதியது எந்தச் சட்டத்திற்கும் விரோதமன்று. ஊராருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே.

நிற்க. பேச்சுரிமையைப் பற்றி அந்நாட்டு நீதிபதிகள் ஆழ்ந்து சிந்திக்கத் தொடங்கியது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். 1917, 1918-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, போரையும் கட்டாய ராணுவச் சேவையையும் எதிர்த்துப் பேசியோர் பலர் சிறை புகுந்தனர். சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918 ஜூன் மாதத்தில் ஒஹையோ மாகாணத்துக் காண்டன் நகரில் நிகழ்த்திய ஒரு பிரசங்கத்திற்காகப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய அப்பீலை 1919 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமுகமாகத் தள்ளியது. சிறையிலிருந்தவாறே 1920-இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற அவருக்கு ஒன்பது லட்சத்திற்கு மேற்பட்ட வோட்டுகள் விழுந்தன. 1921-இல் ஜனாதிபதி ஹார்டிங் தண்டனையைக் குறைத்து, கிறிஸ்துமஸ் நாளில் அவர் வெளிவரச் செய்தார்.

டெப்ஸின் சிறைவாசத்தை உறுதிப்படுத்திய தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அதே ஹோம்ஸ் அவ்வாண்டு நவம்பரில் முற்றிலும் வேறான ஒன்றை எழுதினார். ரஷ்யாவிலிருந்து குடியேறிய சிலர், அந்நாட்டுப் புரட்சியை ஒடுக்க அமெரிக்கா படையனுப்பியதைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரங்களை நியூயார்க் நகரத்து மாடிகளிலிருந்து வீசியெறிந்தனர். சிலருக்கு இருபதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பெரும்பான்மை நீதிபதிகள் அதனை ஏற்றனர். ஹோம்ஸும் பிராண்டைஸும் மறுத்தனர். அசைக்கமுடியாதவை என்று மனிதர் நம்பிய கொள்கைகள் பலவற்றைக் காலம் கவிழ்த்துவிட்டது. ஆதலின் கருத்துகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு மக்கள் மனத்திற் பதிவதே உண்மைக்கு உரைகல். நாம் அருவருக்கும் கருத்தாயினும், நாட்டிற்கு உடனடியாக இன்னல் விளைக்கும் நிலையில் அன்றி அதனை அடக்குதல் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். பத்தாண்டுகள் கழித்து, 1929-இல், ஹங்கேரியிலிருந்து வந்த ரோஸிக்கா ஷ்விம்மர் என்னும் அம்மையார், நாட்டைக் காக்க ஆயுதமேந்துவேன் என்று உறுதி கூற மறுத்ததனால் குடியுரிமை மறுக்கப்பெற்றார். அவ்வழக்கிலும் ஹோம்ஸ் மறுப்புத் தீர்ப்பு எழுதி, நம்மோடு ஒத்த எண்ணமுடையோருக்கு மட்டுமன்று, நாம் வெறுக்கும் எண்ணத்திற்கும் சுதந்திரம் வேண்டும் என்றார். இதனை எழுதியபோது அவருக்கு வயது 88. இளமையில் உள்நாட்டுப் போரிற் பொருது மூன்று முறை காயமுற்றவர் அவர்; போரை வெறுத்த அம்மையாரின் கொள்கையில் அவருக்கு உடன்பாடு சிறிதும் இல்லை. அவருடைய சொல்லுக்குக் கனம் தருவது அதுவே.

இனி, மாணாக்கராகிய நம்மனோர் நெஞ்சிற்கு மிக அணித்தாயுள்ள ஒரு வழக்கைச் சற்று விரித்துக் கூறல் தகும். அமெரிக்கப் பள்ளிகளிற் காலையில் மாணவர் தேசக் கொடியை நோக்கி நின்று விசுவாசப் பிரமாணம் கூறுவது வழக்கம். அப்பிரமாணத்தை 1892-இல் எழுதியவர் பிரான்ஸிஸ் பெல்லமி என்னும் பாப்டிஸ்டு போதகர். பிரமாணம் கூறுங்கால் வலக்கையைக் கொடியை நோக்கி நீட்டுதல் முறையாக இருந்தது. பிற்காலத்து ஜெர்மனியில் ஹிட்லர் கட்சியார் செய்த வணக்கத்தோடு இது பெரிதும் ஒத்திருக்கவே, 1942 டிசம்பரில் கையை மார்பில் வைத்துக்கொள்ளுமாறு காங்கிரஸ் மாற்றி அமைத்தது.

யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயத்தார், யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்துக் கட்டளைகளை எடுத்துக்காட்டி, கொடிக்கு வணக்கம் செலுத்துதல் விக்கிரக ஆராதனையாகும் என்று கொண்டனர். பென்ஸில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்னும் சுரங்க ஊரில், 1935-இல், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் பத்து வயதான அவள் தம்பியும் வணங்க மறுத்துப் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். கோபைட்டிஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. (குடும்பத்தின் பெயரையே கோர்ட்டுப் பதிவில் பிழைபட எழுதிவிட்டனர், அப்பிழையே சட்டப் புத்தகங்களில் இன்றும் நிலவுகின்றது.) 1940 ஜூன் 3-ஆம் நாள் எட்டு நீதிபதிகள் பள்ளியின் பக்கமும் ஒருவர் குழந்தைகளின் பக்கமும் தீர்ப்புச் சொன்னார்கள். எண்மர் சார்பில் எழுதியவர் பெலிக்ஸ் பிராங்பர்ட்டர். தேச ஒற்றுமையே தேசப் பாதுகாப்பிற்கு அடிப்படை. அதனை வளர்க்கும் வழி இது தகுமா தகாதா என்று தீர்மானிப்பது பள்ளி நிர்வாகிகளின் பொறுப்பேயன்றி நீதிமன்றத்தின் வேலையன்று என்பது அவர் கருத்து. தனித்து நின்று மறுத்தவர் ஹார்லன் ஸ்டோன்.

காலமோ போர்க்காலம், பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்துகொண்டிருந்த மாதம். தீர்ப்பு வெளிவந்ததும் நாட்டின் பல பகுதிகளிற் கும்பல்கள் அச்சமயத்தார் மேற் பாய்ந்தன. மெய்ன் மாகாணத்துக் கென்னபங்க் நகரில் அவர்களுடைய மன்றம் கொளுத்தப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவில் ரிச்வுட் என்னும் ஊரிற் காவல் அதிகாரியே முன்னின்று அவர்களைப் பிடித்து வைத்து, விளக்கெண்ணெயைக் கட்டாயப்படுத்திக் குடிப்பித்தான். நீதிமன்றம் இவற்றை விரும்பியதென்று எவரும் கூறார். ஆயினும், ‘இவர்கள் தேசபக்தி அற்றவர்கள்’ என்று முணுமுணுத்து வந்தோர்க்கு, நாட்டின் உயர்ந்த நீதிபதிகளே தம் பக்கம் நிற்கின்றனர் என்ற துணிவு பிறந்துவிட்டது. சட்டம் ஒருவனைக் கைவிட்டதாகத் தோன்றிய மாத்திரத்தில் ஊரும் அவனைக் கைவிட்டு விடுகின்றது.

1942 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாக் கல்விச்சபை கொடி வணக்கத்தை மாகாணமெங்கும் கட்டாயமாக்கியது. மறுத்த குழந்தை பள்ளியினின்று நீக்கப்படும். நீக்கப்பட்ட குழந்தை பள்ளிக்கு வராத குற்றத்திற்கு ஆளாகும். பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதமும் முப்பது நாள் வரை சிறையும் உண்டு. தானே வெளியே தள்ளிவிட்டு, உள்ளே வரவில்லை என்று தண்டிக்கும் இந்த விநோதத்தை எதிர்த்துப் பார்னெட் வழக்கு எழுந்தது. இதற்கிடையில் முந்திய எண்மருள் மூவர், தாம் தவறாகத் தீர்ப்பளித்து விட்டதாக வேறொரு வழக்கில் வெளிப்படையாகவே எழுதியிருந்தனர். ஸ்டோன் பிரதம நீதிபதியாகி விட்டார். புதியவர் இருவரும் வந்தனர். 1943 ஜூன் 14-ஆம் நாள், அந்நாட்டார் கொடி நாளாகக் கொண்டாடும் அன்றைக்கே, அறுவர்க்கு மூவர் என்ற கணக்கில் முந்திய தீர்ப்பு நீக்கப்பட்டது.

தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் ஜாக்ஸன். பின்னர் நூரெம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் மேல் நடந்த விசாரணையில் அமெரிக்கத் தரப்புத் தலைமை வக்கீலாக அமர்ந்தவர் இவரே. அரசியலிலோ, தேசபக்தியிலோ, சமயத்திலோ இன்னதே சரியான கொள்கை என்று விதிக்கவும், அதனை வாயாற் கூறுமாறு குடிமக்களை வற்புறுத்தவும் பெரிய அதிகாரி சிறிய அதிகாரி எவருக்கும் உரிமையில்லை என்றார் அவர். கருத்து வேற்றுமையைக் கட்டாயத்தால் ஒழிக்கப் புகுந்தோர், முடிவில் வேற்றுமை கொண்ட மனிதரையே ஒழிக்க நேர்கின்றது என்றும், அவ்வாறு கிடைக்கும் ஒற்றுமை இடுகாட்டின் ஒற்றுமையே என்றும் எச்சரித்தார். உரிமைகளை வோட்டுக்கு விடக்கூடாது என்ற அவர் வாதம் இன்றும் பலவிடத்தும் எடுத்தாளப்படுகின்றது.

பிராங்பர்ட்டரை இங்கே எளிதாக ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. அவர் வியன்னாவிற் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர். சரித்திரத்தில் மிகுந்த துன்பத்துக்குள்ளான இனத்தைச் சேர்ந்தவனுக்கு உரிமையின் அருமை தெரியாமலிராது என்று தம் மறுப்புத் தீர்ப்பின் தொடக்கத்திலேயே உருக்கமாக எழுதினார். எனினும் நீதிபதி தம் சொந்த விருப்பத்தை அரசியலமைப்பிற் புகுத்தலாகாது. மக்கள் தேர்ந்தெடுத்த சபைகள் செய்யும் பிழையை மக்களே திருத்தவேண்டும் என்றார். கொள்கையளவில் இது சிறந்த வாதம். ஆனால் மிகச் சிறிய ஒரு கூட்டத்தார் எத்தனை தேர்தல் காத்திருந்தாற் பெரும்பான்மையோர் மனத்தை மாற்றமுடியும் என்பதற்கு அதில் விடையில்லை. பள்ளியில் இருக்கவேண்டிய வயதுடைய குழந்தைக்கு அவ்வளவு காலமும் இல்லை.

இவ்வழக்குகளின் எதிரொலி நம் நாட்டிலும் கேட்டது. 1985-இல் கேரளத்தில் அதே சமயத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதம் இசைக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றும் உடன் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியினின்று விலக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டு மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றத்து நீதிபதி சின்னப்ப ரெட்டி, அமெரிக்கத் தீர்ப்புகளையும் எடுத்தாராய்ந்து, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு உத்தரவிட்டார்.

பார்னெட் தீர்ப்போடு அமெரிக்கர் பொறுமையின் சிகரத்தை எய்திவிட்டனர் என்று கருதுவோமாயின் ஏமாந்து போவோம். ஏழு ஆண்டுகளுக்குள், 1950 பிப்ரவரியில், செனட்டர் ஜோஸப் மெக்கார்த்தி அரசாங்க இலாகாவிற் கம்யூனிஸ்டுகள் மறைந்திருக்கின்றனர் என்று முழங்கத் தொடங்கினார். ஆசிரியர், சினிமாக் கதாசிரியர், குமாஸ்தா எனப் பலர் வேலையிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோரைச் சிறைக்கு அனுப்பவேண்டிய தேவையே எழவில்லை. வேலை தருவோர் கதவைச் சாத்தினாற் போதுமானதாயிற்று. அவ்வாண்டு ஜூன் முதல் நாள் மார்கரெட் சேஸ் ஸ்மித் என்னும் பெண் செனட்டர், மெக்கார்த்தியின் கட்சியினரேயாயினும், குறை கூறவும், பிறர் விரும்பாத கொள்கையைக் கொள்ளவும், மறுத்து நிற்கவும், தானே சிந்திக்கவும் அமெரிக்கருக்குள்ள உரிமையை எடுத்துரைத்தார். அவருடன் கையெழுத்திட்டோர் அறுவரே. செனட் சபை மெக்கார்த்தியை 67-க்கு 22 வோட்டுகளாற் கண்டித்தது 1954 டிசம்பரில்.

அவ்வாண்டில் ஸாமுவேல் ஸ்டவுபர் என்னும் சமூகவியலறிஞர், பொதுமக்கள் ஏறக்குறைய 4,900 பேரையும் ஊர்த் தலைவர் 1,500 பேரையும் வினவி, அடுத்த ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கம்யூனிஸ்ட் என்று ஒப்புக்கொண்ட ஒருவனை உங்கள் ஊரிற் பிரசங்கம் செய்ய விடலாமா என்ற கேள்விக்குப் பொதுமக்களில் நூற்றுக்கு 27 பேரே ஆமென்றனர். ஊர்த் தலைவர்கள் பொதுமக்களினும், மிகப் படித்தோர் படியாதோரினும், இளைஞர் முதியோரினும் பொறுமை மிக்கோராய்க் காணப்பட்டனர். 1970-க்குப் பின் அதே கேள்விக்குப் பாதிக்கு மேற்பட்டோர் ஆமென்றனர். அமெரிக்கர் மாறிவிட்டனர் என்று பலர் மகிழ்ந்தனர். ஆயினும் 1982-இல் ஸல்லிவன் முதலிய மூன்று அறிஞர் ஓர் ஐயம் கிளப்பினர். கம்யூனிஸ்டை வெறாதவன் அவனைப் பேசவிடுவது பொறுமையாகுமா? ஒவ்வொருவரும் தாம் மிக வெறுக்கும் கூட்டம் எது என்று தாமே தேர்ந்துகொள்ளச் செய்து, பின்னர் அக்கூட்டத்தைப் பற்றி அதே கேள்விகளைக் கேட்டனர். மக்களின் பொறுமை, எண்ணியபடி அவ்வளவு வளரவில்லை என்பது தெரிந்தது. வெறுப்பு மறையவில்லை, வேறு வேறு கூட்டங்களின் மேற் பரந்து சென்றிருந்தது. நம் கல்லூரிச் சொற்போர்க் கழகத்தில் எவரும் இக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம். நாம் மிக வெறுக்கும் கட்சியின் பெயரை இட்டு.

இறுதியாக ஒரு வழக்கு. இதில் நீதி எப்பக்கம் என்று கூறுவது எளிதன்று. சிக்காகோவுக்கு அணித்தாயுள்ள ஸ்கோக்கி என்னும் ஊரில் யூதர் மிகுதியாக வாழ்ந்தனர். அவருள் ஆயிரக்கணக்கானோர் ஹிட்லரின் சித்திரவதை முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களும் அவர்தம் குடும்பத்தாரும். 1977-இல் அமெரிக்க நாஜிக் கட்சியார் சிலர் தம் சின்னமணிந்து அவ்வூரில் ஆர்ப்பாட்டம் செய்ய விரும்பினர். ஊராட்சியார் 350,000 டாலருக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்றும், வெறுப்பூட்டும் பிரசுரங்கள் கூடா என்றும் விதிகள் செய்து தடுத்தனர். 1920-இல் தோன்றிய அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் நாஜிகளின் உரிமைக்காக வாதாடிற்று. வாதாடிய வக்கீல் யூதர். சங்கத்தின் நிர்வாகத் தலைவர் ஆரியே நையர், பெர்லினிற் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே நாஜிகளுக்குத் தப்பி ஓடிவந்த குடும்பத்தவர். சங்கத்தின் அங்கத்தினர் பல்லாயிரவர் வெகுண்டு விலகினர். 1978-இல் நீதிமன்றங்கள் ஊராட்சியின் தடைகளை நீக்கின.

நையர் தம் செய்கைக்குக் காரணம் கூறி ஒரு நூலே எழுதினார். ஜெர்மனியில் நாஜிகள் தலையெடுத்தது பேச்சு கட்டற்று இருந்தமையால் அன்று. பேச்சை அடக்கும் சட்டங்கள் அங்கே இருந்தன. அரசியற் கொலைகளைச் செய்தோரைத் தண்டிக்கும் மனவுறுதியே இல்லாதிருந்தது என்பது அவர் வாதம். சிறுபான்மையோர்க்குப் பாதுகாப்பு, அதிகாரத்தின் கை கட்டப்பட்டிருப்பதே என்றும் அவர் கொண்டார். இவ்வாதம் வலியதாகவே எனக்குத் தோன்றுகின்றது. ஆயினும் மற்றைப் பக்கத்தாரின் முறையீடும் செவியில் நிற்கின்றது. தம் பெற்றோரைக் கொன்றவர்களின் சின்னம் தம் வாயிலில் அசைந்து செல்வது, முகாமிலிருந்து மீண்ட ஒரு மூதாட்டிக்கு வெறுங் ‘கருத்து’ அன்று. சுதந்திரத்தின் பயனைத் தேசம் முழுவதும் நுகர, அதன் விலையை அம்மூதாட்டி போன்ற சிலரே செலுத்துகின்றனர். ஜெர்மனி இன்று அச்சின்னத்தைப் பொதுவிடத்திற் காட்டுவதைக் குற்றமாக வைத்திருப்பதற்குக் காரணம் அந்நாட்டின் அனுபவம். அதனைக் கோழைத்தனம் என்றல் பொருந்தாது.

உரிமை கிடைத்த பின்னர் நாஜிகள் ஸ்கோக்கிக்கு வரவேயில்லை. சிக்காகோவில் கூடுவதற்கு அனுமதி பெற்று, 1978 ஜூலையில் அந்நகரத்துப் பூங்கா ஒன்றிற் கூட்டம் போட்டுக் கலைந்தனர். ஸ்கோக்கியில் வாழ்ந்த முதியோரோ, அதுகாறும் தம் பிள்ளைகளிடமும் பேசாதிருந்ததைப் பேசத் தொடங்கினர். 1981-இல் ஒரு சங்கம் கண்டு, சிறிய கடையொன்றில் தம் நினைவுப் பொருள்களை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினர். 1990-இல் இல்லினாய்ஸ், அப்படுகொலையின் வரலாற்றைப் பள்ளிகளிற் கற்பிக்க வேண்டுமென்று சட்டமியற்றிய முதல் மாகாணமாயிற்று. அச்சிறு காட்சிச்சாலை 2009-இல் பெரிய அருங்காட்சியகமாகி, அதே ஸ்கோக்கியில் திறக்கப்பெற்றது.